தமிழில் பேசுபவரிடம் மனநல நேர்காணல்: சிங்கப்பூரில் பணிபுரிபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நமக்குப் பயிற்சி கிடைத்தது ஆங்கிலத்தில், நிரப்ப வேண்டிய படிவம் ஆங்கிலத்தில், வழக்கு பற்றிக் குழுவில் பேசுவதும் ஆங்கிலத்தில். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவோ தம்பியோ தமிழில்தான் அழுகிறார். அந்த அறைக்குள் போகிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன்: சமூக ஊழியர், தாதி, ஆலோசகர், உளவியலாளர், பலதுறை மருந்தகத்தில் பத்து நிமிடத்துக்குள் எல்லாம் கேட்டு முடிக்க வேண்டிய மருத்துவர், ஊழியர் தங்குவிடுதிகளுக்குப் போகும் தொண்டூழியர்.

மனநலக் கழகம் 2016ல் நாடு முழுக்க நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநோய் வந்திருந்தது தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் யாரிடமும் உதவி கேட்டுப் போகவே இல்லை. அப்படியானால் நம் முன்னால் வந்து உட்கார்ந்தவர் எத்தனையோ தயக்கத்தைத் தாண்டி வந்தவர். அவர் மறுபடி வருவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அந்த முதல் சந்திப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: முதலில் அவர் சொல்லட்டும், நாம் தேடுவதெல்லாம் அதற்கப்புறம்.

1. ஆள் வருவதற்கு முன்

அனுப்பியவர் எழுதிய கடிதத்தைப் படியுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். "வேலைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதியிருக்கும். எழுதியது யார், அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள், கண்ணைப் பார்க்காமல் பேச விரும்புகிறவருக்கு அது உதவும். கதவுக்குப் போகும் வழி உங்களுக்கும் இருக்க வேண்டும், அவருக்கும் இருக்க வேண்டும். கணினித் திரையை அவர் பார்க்கிற மாதிரித் திருப்பி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. என்ன தட்டச்சு செய்கிறார்களோ என்ற சந்தேகம் பாதி பேரை வாய் மூட வைத்துவிடும்.

உங்களுக்குத் தமிழ் போதாது, மொழிபெயர்ப்பவர் வேண்டும் என்றால், குடும்பத்தில் ஒருவரை, குறிப்பாகப் பிள்ளையை, அந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் தன் அம்மாவிடம் "சாகணும்னு தோணுதா" என்று மொழிபெயர்த்துக் கேட்கும் நிலை வரவே கூடாது. ஊழியர் என்றால் அவருடைய மேற்பார்வையாளரோ நிறுவனத்து ஆளோ வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததும் உள்ளே போவதற்கு முன் இரண்டு நிமிடம் அவரிடம் பேசுங்கள்: சுருக்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம், பேச்சு கோர்வையில்லாமல் இருந்தால் அப்படியே சொல்லுங்கள், ஏனென்றால் கோர்வையில்லாததும் எனக்கு ஒரு தகவல். பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல.

காணொளியிலோ தொலைபேசியிலோ பேசுவதாக இருந்தால் முதல் கேள்வி இதுதான்: "இப்ப எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" தங்குவிடுதி அறையில் பல பேர் இருப்பார்கள். மேல் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் எல்லாம் கேட்கும். காதுக் கருவி இருக்கிறதா, வெளியே நடந்துகொண்டே பேச முடியுமா என்று கேளுங்கள். சரியான முகவரியையும் இன்னொரு தொடர்பு எண்ணையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஆபத்து என்று தெரிந்தபின் முகவரி கேட்டால் அவர் சொல்லாமல் வைத்துவிடலாம்.

2. முதல் ஐந்து நிமிடம்

பெயர், வேலை, எவ்வளவு நேரம் பேசப் போகிறோம், எதற்காக, என்ன எழுதிக்கொள்வேன், அதை யார் பார்ப்பார்கள். இத்தனையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஆலோசகர் என்றால் என்ன செய்பவர் என்றே தெரியாமல் வருகிறவர்கள் நிறைய. மனநல மருத்துவமனை என்றாலே ஊசி போட்டுக் கட்டிப்போடுவார்கள் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு.

எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடுங்கள். வயதானவரை ஐயா, அம்மா என்றே ஆரம்பிக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த எழுபது வயதுக்காரருக்கு அங்கிள், ஆன்ட்டி சகஜமாக இருக்கும். இளைஞரை எடுத்தவுடன் "நீ" என்று பேசாதீர்கள், எவ்வளவு சின்னவராக இருந்தாலும் "நீங்க" தான். அவரே "தம்பின்னு கூப்பிடுங்க அக்கா" என்றால் அது வேறு விஷயம், அப்போது அந்த உறவை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அக்கா ஆகிவிட்டதால் அதட்டுகிற உரிமை வந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

இரகசியம் பற்றிய பேச்சை ஒப்பிப்பது போலச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க சொல்றது எனக்கும் இங்க உங்களைப் பாத்துக்கிற குழுவுக்கும் உள்ளேயே இருக்கும். ஆனா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, காப்பாத்துறதுக்காக நான் வேற ஆளுங்க கிட்ட பேச வேண்டி வரும். அப்படி வந்தா முடிஞ்ச வரைக்கும் உங்க கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

உடனே அடுத்த கேள்வி வரும், கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும்: "கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா? ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" வேலை அனுமதி அட்டையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லாதீர்கள். உங்கள் நிலையத்தில் மருத்துவச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள், கட்டணம் நிறுவனம் கட்டினால் விலைப்பட்டியலில் என்ன தெரியும், இதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

போதைப்பொருள் விஷயத்தில் கூடுதல் கவனம். தன்னிடம் வந்தவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒரு மருத்துவர் கருதினாலோ சந்தேகித்தாலோ, 7 நாட்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்பே இந்த எல்லையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். சொன்னால் உண்மை வராதே என்பீர்கள். வராமல் போகலாம்தான், ஆனால் வலை விரித்து வாங்கிய உண்மையால் யாருக்கும் சிகிச்சை நடந்ததில்லை.

3. ஒரே ஒரு திறந்த கேள்வி, அப்புறம் காது மட்டும்

"என்ன விஷயமா வந்தீங்க, உங்களுக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கிருந்து சொல்லுங்க." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1984ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிடுகிறார் என்று தெரிந்தது. நம் ஆட்கள் மருத்துவரையும் அதிகாரியையும் பார்த்தால் ஏற்கெனவே அடங்கிப் போகிறவர்கள். ஒருமுறை குறுக்கிட்டால் போதும், அப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். "சொல்லுங்க மேடம்", "சரிங்க சார்" என்று தலையாட்டுவதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மூன்று நிமிடம் தடையில்லாமல் பேச விடுங்கள். "ம்", "அப்புறம்?", "சொல்லுங்க" போதும். மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பெரும்பாலும் எட்டாவதில் முக்கியமான வாக்கியம் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் கேட்கவே கூடாத கேள்வி "ஏன்". "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்பது தமிழில் விசாரணை மாதிரி ஒலிக்கும், வாத்தியார் முன்னால் நிற்பது போல ஆகிவிடும். "அப்ப என்ன நடந்துச்சு?", "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" என்று மாற்றிக் கேட்டால் அதே தகவல் நோகாமல் வரும். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பதும் வேண்டாம். "தூக்கம் வருதா, சாப்பாடு எப்படி?" என்றால் அவர் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்வார்.

இன்னொன்று, நம் வாயில் தயாராக இருக்கும் ஆறுதல்: "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்." அன்பினால்தான் சொல்கிறோம், ஆனால் அவருக்கு "இதோட நிறுத்துங்க" என்று கேட்கும். அதற்குப் பதிலாக அவர் சொன்னதையே அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "மூணு மாசமா யார் கிட்டயும் சொல்லாம நீங்க மட்டும் சுமந்திட்டு இருந்திருக்கீங்க." அறிவுரை கண்டிப்பாக வேண்டாம். "யோகா செஞ்சு பாருங்க", "கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்ல வீட்டிலேயே பத்து பேர் இருப்பார்கள்.

4. உடம்பு சொல்வதிலிருந்து ஆரம்பியுங்கள்

"எனக்கு மனச்சோர்வு" என்று வருகிறவர் குறைவு. நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, கை கால் மரத்துப்போகிறது, உடம்பெல்லாம் சூடு என்று வருவார்கள். இதைத் தாண்டி "உண்மையான" பிரச்சினைக்கு ஓடினால் அவரை நம்பவில்லை என்றுதான் அவருக்குப் படும். வலி உண்மை. அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

பல பேருடைய பேச்சைக் கலந்து ஒரு உதாரணம் தருகிறேன். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரர், வயிற்றெரிச்சலுக்காகப் பல இடத்தில் காட்டிவிட்டு வருகிறார்.

"வயிறு எரியுது மேடம். குழாய் விட்டெல்லாம் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க."

"அவங்க ஒண்ணும் இல்லேன்னாலும் உங்களுக்கு எரியத்தானே செய்யுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆமா மேடம்."

"எந்த நேரத்துல ரொம்ப எரியும்?"

"ராத்திரியில. வீட்டுக்கு போன் பேசிட்டு வெச்சதுக்கு அப்புறம்."

"போன் பேசிட்டு வெச்சதுக்கு அப்புறம்..."

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க. நான் வந்த கடனே இன்னும் அடையல. அம்மா கிட்ட எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வெச்சிடுவேன். அப்புறம் தூக்கமே வராது."

கேள்வி என்று பார்த்தால் ஒன்றுதான் கேட்கப்பட்டிருக்கிறது. முதல் பதிலில் அவருடைய வலிக்கு ஒப்புதல் கிடைத்தது, அதற்கப்புறம்தான் அவர் நிமிர்ந்தார். எந்த நேரத்தில் என்று கேட்டதும் வலிக்குப் பக்கத்தில் இருக்கும் வாழ்க்கை வெளியே வந்தது. கடைசியாக அவர் சொன்னதையே முடிக்காமல் திருப்பிச் சொன்னதில் அவரே மீதியை நிரப்பினார். இதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிட மருந்தகச் சந்திப்பிலும் இதற்கு இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உடம்பு வழியாக உள்ளே போகிறோம் என்பதற்காக உடம்பில் உண்மையான நோய் இருக்காது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. படபடப்பும் எடை குறைவதும் தைராய்டாக இருக்கலாம், களைப்பு இரத்தசோகையாக இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டியதை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. அவருடைய விளக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்

மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களில் முன்வைத்த கேள்விகள் இன்றைக்கும் இதற்கு உதவும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலே சேர்க்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்த நான்கைக் கேளுங்கள்: "இது எதனால வந்துச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க?" "வீட்ல இருக்கறவங்க என்ன சொல்றாங்க?" "இதுல உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கறது எது?" "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

கடைசிக் கேள்விக்கு மந்திரித்தது, கயிறு கட்டியது, ஜாதகம் பார்த்தது, தர்காவுக்குப் போனது, தேவாலயத்தில் ஜெபம் செய்தது எல்லாம் வரும். முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தாலும் அவர் நிறுத்திவிடுவார். "அதுல கொஞ்சம் நிம்மதி கெடச்சுதா?" என்று அடுத்ததைக் கேளுங்கள்.

"யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அது நம்பிக்கையா, மனநோயால் வந்த மாயையா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குடும்பத்தில் மற்றவர்களும் அப்படி நம்புகிறார்களா, அல்லது அவர்களே "இவ இப்பல்லாம் ஒரு மாதிரி பேசுறா" என்று திகைக்கிறார்களா? வேறு காரணமும் இருக்கலாம் என்று கொஞ்சமாவது யோசிக்க முடிகிறதா? அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாரா, பக்கத்து வீட்டுக்காரர்மேல் கோபம் முற்றுகிறதா? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களில்தான் வித்தியாசம் தெரியும்.

6. இப்போது தேடுங்கள்

அவர் சொல்லி முடித்தபின் அனுமதி கேட்டு நேர்க் கேள்விகளுக்கு வாருங்கள்: "இப்ப நான் சில விஷயம் வரிசையா கேக்கறேன், பரவாயில்லையா?" தூக்கம், பசி, எடை, சுறுசுறுப்பு, பிடித்த விஷயங்களில் ஆர்வம், கவனம், குற்ற உணர்வு, பதற்றம், திடீர்ப் படபடப்பு, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த நாட்கள், முன்பு எடுத்த சிகிச்சை, இப்போதைய மருந்துகள் (ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்தும் சேர்த்து), குடும்பத்தில் யாருக்காவது இப்படி.

காலத்தை மாதக் கணக்கில் கேட்டால் தடுமாறுவார்கள். "தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?", "பாஸ் புதுப்பிச்சதுக்கு அப்புறமா?", "பையன் பிஎஸ்எல்இ எழுதின வருஷமா?" என்று அவர் வாழ்க்கையில் இருக்கிற தேதிகளோடு கட்டிக் கேளுங்கள்.

மனச்சோர்வை அளவிடும் பிஎச்க்யூ-9 மாதிரி கேள்வித்தாள் நல்ல கருவி. 9 கேள்வி, கடந்த இரண்டு வாரம், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் ஆழமாகப் பார்க்க வேண்டும். ஆனால் அதுவே நேர்காணல் ஆகிவிடாது. காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள். படிக்கச் சிரமப்படுபவர் வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டுவிடுவார். இன்னொன்றும் உண்டு: மொத்தம் 6 வந்தாலும், சாவைப் பற்றிய 9ஆம் கேள்வியில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அங்கேயே நின்று பேச வேண்டும்.

குடிப்பழக்கம் பற்றி "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும், குறிப்பாகப் பெண் ஆலோசகரிடம். "வேலை முடிஞ்சு வந்து என்ன குடிப்பீங்க, பீரா, ஹாட்டா? ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போனா எவ்வளவு ஆகும்?" என்று, குடிப்பது சாதாரணம்தான் என்ற தொனியில் கேட்டால் கணக்கு வரும். குறைக்கச் சொல்லி வாதாடுவதால் பயனில்லை. வில்லியம் மில்லர் 1983ல் குடிநோயாளிகளுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஊக்க நேர்காணல் முறையில் அழகான ஒரு கேள்வி இருக்கிறது. "குறைக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். "நாலு" என்கிறார். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்காமல், "ஏன் ரெண்டு சொல்லாம நாலு சொன்னீங்க?" என்று கேளுங்கள். "ஏன்" வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு, ஏனென்றால் இந்த ஏனுக்குப் பதிலாக அவர் தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

7. தற்கொலை எண்ணம்: சுற்றி வளைக்காதீர்கள்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் அனுபவசாலிகளிடமும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் கேட்டதும் தளர்ந்து உட்காருவதை நேரில் பார்க்கலாம்.

"தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிற கேள்வி அது. அது தப்பு என்ற தீர்ப்பும் அதிலேயே இருக்கிறது. மெல்லிய நுனியிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக இறங்குங்கள்:

"இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களுக்குச் சில நேரம் இருக்கறதை விட போய்ச் சேர்ந்துடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?"

"உயிரை விட்டுடணும்னு, நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு யோசிச்சிருக்கீங்களா?"

"எப்படின்னு யோசிச்சீங்களா?"

"அதைச் செஞ்சிடணும்னு எவ்வளவு தூரம் மனசு போச்சு?"

"அதுக்காக ஏதாவது தயார் பண்ணி வெச்சீங்களா? யாருக்காவது எழுதி வெச்சீங்களா, பணத்தை அனுப்பி முடிச்சீங்களா?"

"முன்னாடி எப்பவாவது செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"இது வரைக்கும் உங்களைப் பிடிச்சு நிறுத்தினது எது?"

ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் குரல் மாறாமல் இருக்க வேண்டும். அதிர்ச்சி காட்டினாலோ, "பிள்ளைகளை நெனச்சுப் பாத்தீங்களா" என்று கேட்டாலோ, அவர் உங்களைத் தேற்றுகிற வேலையில் இறங்கிவிடுவார். பிள்ளைகள் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தால்தான் பலம், நம் வாயிலிருந்து வந்தால் குற்றச்சாட்டு.

"போலீஸ் வருமா?" என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை. முந்தைய சட்டம் மனதில் பதிந்துபோன பெரியவர்களுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது தெரியாது, நீங்களே சொல்லுங்கள். அதே நேரம், உடனடி ஆபத்து என்றால் உயிரைக் காப்பாற்றக் காவல்துறையோ மருத்துவ வண்டியோ வரலாம் என்பதையும், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மனநலக் கழகத்தில் 72 மணி நேரம் வரை வைத்துப் பார்க்க முடியும் என்பதையும் மறைக்காதீர்கள்.

ஆபத்து உடனடியாக இருந்தால் தனியே விடாதீர்கள், 995ஐ அழையுங்கள் அல்லது மனநலக் கழகத்தின் 24 மணி நேர அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதன் உதவி எண் 6389 2222. உடனடியாக இல்லை என்றால் அந்த அறையிலேயே பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். ஒரு தாளில், தமிழில், அவர் கையெழுத்தில்: எண்ணம் வரப்போகிறது என்பதை எது காட்டும், அப்போது தனியாக என்ன செய்யலாம், எந்த இடத்துக்குப் போகலாம், யாரைக் கூப்பிடலாம், எந்த உதவி எண்ணை அழைக்கலாம், ஆபத்தான பொருளை யாரிடம் கொடுத்து வைப்பது. எண்கள்: சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. கைப்பேசியில் அப்போதே சேமிக்கச் சொல்லுங்கள், "அப்புறம் பண்றேன்" என்பதை ஏற்காதீர்கள்.

"இனிமே அப்படிச் செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையில் அடித்து வாங்குவது நம் பழக்கம். அது கேட்பவருக்குத்தான் நிம்மதி தரும். எண்ணம் மறுபடி வந்தால், சத்தியத்தை மீறிவிட்டோம் என்ற வெட்கத்தில் அவர் உங்களிடம் சொல்லாமலே போய்விடுவார்.

8. பார்ப்பதும் நேர்காணல்தான்

மனநிலைப் பரிசோதனை தனியாக ஒரு சடங்கு இல்லை, கதவைத் திறந்து உள்ளே வருகிற நொடியிலிருந்து நடப்பது. உடை, நடை, பேச்சின் வேகம், சொல்கிற கதைக்கும் முகத்துக்கும் பொருத்தம், கோர்வை. குரல் கேட்பது பற்றிக் கேட்கும்போது "உங்களுக்கு குரல் கேக்குதா" என்று மொட்டையாகக் கேட்டால் "நான் என்ன பைத்தியமா" என்பார்கள். "தூக்கம் கெட்டு ரொம்ப அலைக்கழியும்போது சிலருக்கு, யாரும் இல்லாத நேரத்துல பேசற மாதிரி சத்தம் கேக்கும், உங்களுக்கு?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அது என்ன சொல்கிறது, எதையாவது செய்யச் சொல்கிறதா, அதற்குக் கட்டுப்பட்டுவிடுவோமோ என்று பயம் இருக்கிறதா. இந்த மூன்றையும் விடாதீர்கள்.

ஞாபகசக்தி பார்க்கும்போது பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லாதீர்கள். சந்தைக்கு என்ன வாங்கப் போனார், மீதிச் சில்லறை எவ்வளவு வரும் என்று கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். முறையான சோதனை தேவைப்பட்டால் படிப்புக்கேற்ப மதிப்பெண் கணக்கிடும் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

9. குடும்பம் கூடவே வந்தால்

நம் வீடுகளில் ஒருவருக்குப் பிரச்சினை என்றால் மூன்று பேர் வருவார்கள். அம்மா பேசுவார், மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு ஆரம்பித்தால் பகை, அவரையே பேச விட்டால் மகனுடைய குரல் கிடைக்காது. முதல் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து, அப்புறம் அவர் தனியாக, கடைசியில் மறுபடி எல்லாரும். இந்த வரிசையை "எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் சங்கடப்படமாட்டார்கள். மறுபடி கூடுவதற்கு முன் அவரிடம் "நீங்க சொன்னதுல எதை அவங்க கிட்ட பேசலாம், எதை வேண்டாம்?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தனியாக மட்டும் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் அதற்கான விலையை அவர் வீட்டில் கொடுப்பார். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800 777 0000.

10. முடிப்பதும் எழுதுவதும்

முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். எழுந்து கதவருகே போன பிறகுதான் பலர் மிக முக்கியமானதைச் சொல்வார்கள். முன்கூட்டியே "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அது நாற்காலியில் இருக்கும்போதே வரும். கேட்டதையெல்லாம் அவருடைய வார்த்தைகளில் சுருக்கிச் சொல்லி "நான் சரியாப் புரிஞ்சுகிட்டேனா?" என்று திருத்தக் கேளுங்கள். வெறும் "சரிங்க மேடம்" வந்தால் திருப்தியடையாமல், "எதுல நான் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன்?" என்று தூண்டுங்கள். அடுத்த சந்திப்பின் தேதி, நேரம், எந்தப் பேருந்து, விடுப்புக்கு என்ன செய்வது என்பது வரை பேசி அனுப்புங்கள்.

குறிப்பு எழுதும்போது அவர் சொன்ன முக்கியமான இரண்டு மூன்று வாக்கியங்களைத் தமிழிலேயே அப்படியே எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதுங்கள். "வீட்டுக்கு போன் பேசிட்டு வெச்சதுக்கு அப்புறம் எரியும்" என்பது கோப்பில் வெறும் வயிற்றுக் கோளாறு என்று சுருங்கிவிட்டால், அடுத்து பார்க்கப்போகும் மருத்துவர் மறுபடி வயிற்றுக்குத்தான் மாத்திரை கொடுப்பார்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். சக ஊழியர் ஒருவரை வருபவராக நடிக்கச் சொல்லி, இருபது நிமிடம் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் முதலில் குறுக்கிட்டது எத்தனையாவது வினாடியில், எத்தனை முறை "ஏன்" கேட்டீர்கள், சாவைப் பற்றி எந்தச் சொற்களில் கேட்டீர்கள். தற்கொலை பற்றிய அந்த ஏழு கேள்விகளைத் தாளைப் பார்க்காமல், உங்கள் சொந்தப் பேச்சுத்தமிழில், குரல் தடுமாறாமல் கேட்க வரும்வரை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.